மகளுக்காக இரண்டாம் தடவை கேட்டது

என் மகள் வைதேகி போய்விட்டாள் என்றுதான் முதலில் எனக்குச் சொன்னார்கள். ரோட்டில் நின்ற யாரோ ஒருவர் அவளுடைய போனிலிருந்தே கூப்பிட்டு, பெண் குதிரையிலிருந்து விழுந்துவிட்டாள், உயிர் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார். சொன்னது தப்பு. மூச்சு இருந்தது. ஆனால் அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன்.

நம் பாராயணக் கோஷ்டியில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதை. நானே பல தடவை மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை நான் பார்க்க மறுத்ததால் என் பெண் என்ன பாடு பட்டாள் என்பதை இன்றைக்குச் சொல்லவேண்டும். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று எழுதியே எடுத்து வந்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரிலேயே உட்கார்ந்து தலை நரைத்தவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வைதேகிக்குச் சின்ன வயசிலிருந்தே குதிரைப் பைத்தியம். தசரா ஊர்வலத்தில் எல்லாக் குழந்தைகளும் யானைக்குக் கழுத்தை நீட்டினால், இவள் குதிரைகள் எப்போது வரும் என்று என் புடவையைப் பிடித்து இழுப்பாள். என் ஆத்துக்காரருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெண் கேட்டால் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. சாமுண்டி மலைக்குப் பின்பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அங்கே ஓடிவிடுவாள். பிஜ்லி என்று ஒரு பழுப்புக் குதிரை. அதைப் பற்றி இவள் பேசும் பேச்சைக் கேட்டால், எங்கள் வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாளோ என்று நினைப்பீர்கள்.

அவள் பியூசி இரண்டாம் வருஷம் படிக்கும்போது, தசராவுக்கு முந்தின ஞாயிறு அது. சவாரி முடித்துக் கொட்டகைக்குத் திரும்ப ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் வரவேண்டும். பின்னால் வந்த டூரிஸ்ட் வேன் ஏர் ஹாரனை அமுக்கியது. பிஜ்லி மிரண்டு ரோட்டுப் பக்கமாகத் துள்ளியது. வேன் அதன் பின்தொடையில் இடிக்க, இவள் தூக்கியெறியப்பட்டுத் தாரில் தலை மோத விழுந்தாள். ஹெல்மெட் பிளந்துவிட்டது. அந்த வேன் டிரைவரை நான் திட்டமாட்டேன். அவர்தான் இவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தையல் போட்டதில் குதிரையும் பிழைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எதுவும் சொல்லமுடியாது என்றார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, பார்க்கலாம் என்றார்கள். மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். மேலுக்கோட்டை மலைமேல் இருக்கும் யோக நரசிம்மரை நினைத்துக்கொண்டேன். எத்தனையோ தடவை படியேறிச் சேவித்த திருமுகம், அன்றைக்கு மனசில் நிற்கவே மாட்டேன் என்கிறது. வாய்விட்டே கேட்டேன்.

“நரசிம்மா, உசிரை மட்டும் குடு. வேற ஒண்ணும் வேண்டாம். இனிமே உன்கிட்ட எதுவும் கேக்கவே மாட்டேன்.”

கொடுத்தார். சில நாளில் கண் திறந்தாள். ஜலம் வேணும் என்றாள். அப்பா எங்கே என்று கேட்டாள். தன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள். இதுதான் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த சாட்சி. இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அந்தக் கருணையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

தப்பு, நான் கடைசியாகச் சொன்ன வார்த்தையில் இருந்தது. இனிமேல் கேட்கமாட்டேன் என்று சொன்னேனே, அதை நான் பிடித்துக்கொண்ட விதத்தில் இருந்தது.

நம் வீடுகளில் உபன்யாசம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சரணாகதி ஒரே தடவைதான். பிரம்மாஸ்திரத்தால் கட்டினவனை, அது போதாதோ என்று சந்தேகப்பட்டு மேலே சணல் கயிறால் கட்டினால், அஸ்திரம் தானாக விலகிவிடும் என்பார்கள். அது மோட்சத்துக்காகச் சொன்னது. நான் அதைக் கொண்டுபோய்ப் பெண்ணின் தலைவலியில் வைத்தேன். ஒரு தடவை கேட்டாயிற்று, கொடுத்தாயிற்று, இனி இன்னொன்று கேட்டால் முதலில் கொடுத்தது அவிழ்ந்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் ஆத்துக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வைதேகி, “அம்மா, தலை நோவறது” என்றாள். அடிபட்ட தலை, நோகத்தான் செய்யும் என்றேன். மாதங்கள் போயும் அதையேதான் சொன்னாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். டியூப்லைட் வெளிச்சம் குத்துகிறது என்று இருட்டில் உட்காருவாள். படித்தது நிற்கவில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் ஒரு சாதாரண வார்த்தை வராது. கரண்டி என்று சொல்ல வராமல் கையை ஆட்டிக் காட்டுவாள். அது வராத கோபத்தில் தட்டை விட்டெறிவாள். அத்தனை சாதுவாக இருந்த பெண் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். பியூசி பரீட்சையில் தேறவில்லை. மறுபடி எழுதித் தேறி, டிகிரி சேர்ந்து, பாதியில் நின்றுவிட்டாள்.

இதற்கெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. “உசிரோட இருக்கியே, அது போறாதா?”

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காலையில் சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன், அவள் அழும்போது சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவள் வாயை நான் அடைத்தேன் என்று இப்போதுதான் புரிகிறது.

ஒருநாள் பெருமாளுக்குப் பால் வைத்துக் கண்டருளப் பண்ணும்படி அவளிடம் சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பெருமாள் எழுந்தருளியிருக்கும் கோயிலாழ்வாருக்கு முன்னால் வெள்ளி வட்டிலில் புளித்து நாறுகிற பால். வீடே வீசுகிறது. சமர்ப்பிப்பதற்கு முன்னால் நாம் ருசி பார்க்கமாட்டோம், சரி. மூக்குமா இல்லை என்று கத்தினேன். பெருமாளுக்கு இப்படியா வைப்பாய், அவர் கொடுத்த உயிருக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். அவள் வட்டிலை எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தெரியலைம்மா என்றாள். பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அடிபட்ட அன்றைக்கே வாசனை முழுசாகப் போய்விட்டது. புளியும் மிளகும் போட்ட சாத்தமுதும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றாக இருந்திருக்கிறது. அதனால்தான் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்திருக்கிறாள். பெற்றவள் எனக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை.

என் ஆத்துக்காரர் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றார். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே என்று நான் தட்டிக் கழித்தேன். சரி, ஒரு அர்ச்சனையாவது செய்வோம் என்றார். அவளுக்காக இனி அர்ச்சனை, பிரார்த்தனை என்று பேச்சே வரக்கூடாது என்று அவரிடம் சண்டை பிடித்தேன். பாவம், மனுஷர் திகைத்துப்போய்விட்டார். தினம் தவறாமல் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுகிற பெண்டாட்டி, மகளுக்காக வேண்டிக்கொள்ளாதே என்கிறாள். அவருக்கு என்ன புரியும்?

இதைவிடப் பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாட்சி சொல்லும்போதெல்லாம் வைதேகியை முன்வரிசையில் உட்காரவைத்தேன். பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, இதோ பாருங்கள், நரசிம்மர் திருப்பிக் கொடுத்த குழந்தை என்று காட்டினேன். நீங்கள் எல்லோரும் அவள் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினீர்கள். அவளும் நன்னா இருக்கேன் மாமி, நன்னா இருக்கேன் மாமி என்று சொல்லிச் சிரித்தாள். மைக் சத்தமும் பளீர் என்ற லைட்டும் அவள் தலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தன என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். உங்கள்மேல் குற்றமில்லை. நான்தான் என் பெண்ணைக் காட்சிப் பொருளாக வைத்தேன்.

போன வருஷம் நரசிம்ம ஜயந்திக்கும் அப்படித்தான் கிளம்பினேன். அவள் வரவில்லை என்றாள். எனக்கு வந்ததே கோபம். உயிர் கொடுத்தவருக்காக ஒரு மணி நேரம் உட்காரமாட்டாயா என்றேன். போய்ப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கும் மைக்கில் சொன்னேன். நீங்களும் கேட்டீர்கள். முடிந்து என் ஸ்கூட்டரில் இருவரும் திரும்பினோம். அவள் எப்போதும் பின்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் உட்காருவாள். அக்ரஹாரம் சர்க்கிளில் சிக்னலுக்கு நின்றோம். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஒரு வேன்காரன் நீளமாக ஹாரன் அடித்தான். முதுகில் இருந்த கை சட்டென்று விலகியது. திரும்பிப் பார்த்தால் அவள் இறங்கிவிட்டாள். வண்டிகளுக்கு நடுவில் புகுந்து ஓடி, பூக்கடை ஓரமாக நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கட்டியிருந்த பட்டுப்புடவை முழுக்கப் புழுதி.

நான் வண்டியை அப்படியே ஓரம்கட்டிவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, அவள் முந்திக்கொண்டாள்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ என்ன கேட்டேம்மா?”

உன் உயிரைத்தான் கேட்டேன் என்றேன்.

“அதைக் குடுத்துட்டார், அஷ்டே, அவ்ளோதான். நான் இன்னும் அந்த ரோட்லயேதான் விழுந்து கிடக்கேன். நீ ஒருத்தரையும் என்னைத் தூக்க விடமாட்டேங்கற.”

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அந்த நடைபாதையில் அவளிடம் சொன்னேன். இனிமேல் கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்டி, கேட்டால் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்று பயம்டி, அதனால்தான் அப்பாவைக்கூடக் கேட்கவிடவில்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எத்தனை பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது.

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். என்னையே பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். அதோடு சிரிக்கவும் செய்தாள்.

“ஏம்மா, மசால் தோசை கேட்டவ அப்பறம் சட்னியும் கேட்டா, யாராவது தோசையைப் பிடுங்கிப்பாளா? மிச்சத்தையும் கேளும்மா.”

கேட்டேன். பூக்கடைக்காரி பார்க்கிறாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள். வெட்கமில்லாமல் கைகூப்பி வாய்விட்டுக் கேட்டேன். வாக்குத் தவறுகிறேன், தண்டனை இருந்தால் எனக்குக் கொடு, இந்தக் குழந்தையின் தலைவலியை எடு, அவள் தூக்கத்தைக் கொடு, அவள் சிரிப்பைக் கொடு, மிச்சம் எல்லாவற்றையும் கொடு என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் மூச்சு விடுகிறாளா என்று மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பயம் எனக்கு. விட்டாள். ஒன்றும் அவிழவில்லை. ஒரு ஆட்டோவுக்குக்கூட அவள் சம்மதிக்கவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே இருவரும் வீடு வரைக்கும் நடந்தோம்.

அடுத்த வேலை நாளில் என் கவுண்டருக்கு ஒருவர் வந்தார். கொள்ளேகால் பக்கத்து விவசாயி. கோயம்புத்தூருக்கு ஒரு தடித்த கவர் அனுப்பவேண்டும், உள்ளே ஸ்கேன் படங்கள், மடங்காமல் போகவேண்டும் என்றார். கவுண்டரில் உட்காருபவர்கள் உள்ளே என்ன என்று கேட்போம். யாருக்கு, ஏன் என்று கேட்கிற வழக்கமில்லை. பின்னால் வரிசை நின்றது. ஆனாலும் அன்றைக்கு வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“என்ற பையனுக்குங்க. பைக்குல உளுந்து தலையில அடிங்க. ஆள் நல்லாத்தான் இருந்தான், ஆனா பளைய ஆளே இல்லீங்க. வருசம் போனதுக்கப்புறம் இங்க ஒரு டாக்டரம்மாதான் இன்னதுன்னு கண்டுபுடிச்சு வைத்தியம் பாத்தாங்க. இப்ப கோயம்புத்தூர்ல வேலைக்கே போறானுங்க.”

என் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் கீழே விழுந்துவிட்டது. அந்த டாக்டரின் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டுக்கொண்டேன். நான் தினமும் ஸ்கூட்டரில் தாண்டிப் போகிற தெருவில் இருந்தது. இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் வாதாடமாட்டேன். நான் கேட்டிருந்தேன், அவர் வந்தார். எனக்கு அது போதும்.

அந்த வாரமே மூன்று பேரும் போனோம். டாக்டர் அம்மாள் வைதேகியைக் கேள்வி கேட்டார். வழக்கம்போல நான் குறுக்கே புகுந்து, பெரிய விபத்து, உயிர் பிழைத்ததே பெருமாள் கிருபை என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். “நீவு ஸ்வல்ப சும்மனிரி அம்மா. அவளே ஹேளலி” என்றார். அவளே சொல்லட்டும், நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். என் பெண் பேசினாள். வார்த்தை வராத இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அந்த டாக்டர் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டிலேயே நடந்ததையெல்லாம் முதல் தடவையாகக் கேட்பவள்போலக் கேட்டேன்.

தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு இதெல்லாம் வருஷக்கணக்கில் நிற்பதுண்டாம். ஸ்கேன் சரியாக இருந்தாலும் வலி பொய்யில்லை. கோபம் திமிரில்லை. மறதி சோம்பேறித்தனமில்லை. கழுத்திலும் அடி இருக்கிறது, அதுவும் தலைவலியைக் கிளப்புகிறது. வாசனை நரம்பு அந்த மோதலிலேயே அறுந்திருக்கலாம், இத்தனை காலம் கழித்து அது திரும்புவது கஷ்டம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, முன்னாலேயே வந்திருந்தால் இவ்வளவு அனுபவித்திருக்க வேண்டாம் என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. இன்னும் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. என் ஆத்துக்காரர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மருந்து ஆரம்பித்தது. கழுத்துக்குப் பயிற்சி. சத்தத்துக்குப் பயப்படுவது போவதற்காக வேறொரு அம்மாளிடம் வாராவாரம் போகிறாள். முதலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்தாள். அப்புறம் கேட்டருகே நின்றாள். இப்போது தெருமுனை வரை தனியாகப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருகிறாள். தபால் வழியில் டிகிரி படிக்கிறாள். கொஞ்ச நேரம் படிப்பாள், கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுப்பாள். வலி இல்லாத நாட்களும் வருகின்றன. அப்படி ஒரு நாளில் அவள் குளியலறையில் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டு, நான் சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். போன மாதம் சவாரிப் பள்ளிக்குப் போய் பிஜ்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஏறவில்லை. ஏறவேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

வாசனை வரவில்லை. பெருமாளுக்குச் சாத்திய திருத்துழாய் இலையைக் கொடுத்தால் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை அடுப்புப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். நான் தினமும் அந்த மூக்குக்காகவும் கேட்கிறேன். கொடுப்பாரோ மாட்டாரோ, அது அவர் இஷ்டம். கேட்பது என் வேலை.

குற்ற உணர்ச்சி போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. கிட்டத்தட்ட மூன்று வருஷம் என் பெண் தனியாகக் கிடந்தாள். அவளுக்கும் உதவிக்கும் நடுவில் நின்றது விதியும் இல்லை, பெருமாளும் இல்லை, நான்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி விடும்மா என்றாள். சில நாள் அவளுக்கு அது நினைவு வந்து என்னோடு பேசமாட்டாள். அந்த நாட்களில் நான் வாதாடுவதில்லை. கதவுக்கு வெளியே காபியை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

உங்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாராவது பெரிய ஆபத்திலிருந்து பிழைத்து வந்திருந்தால், அவர்கள் வலிக்கிறது என்று சொல்லும்போது நம்புங்கள். பெருமாளிடம் ஒரு தடவை வாங்கிக்கொண்டோமே, மறுபடி எந்த முகத்தோடு போவது என்று என்னைப்போல வெட்கப்பட்டு நிற்காதீர்கள். போங்கள். கேளுங்கள். நம்மைப் பெற்றவரிடம் கேட்க நமக்கு என்ன வெட்கம். நம்மைப்போல அவர் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. அதை நான் என் பெண்ணின் வலியைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் சும்மாவே தெரிந்துகொள்ளுங்கள்.

வைதேகி இன்றைக்கு வரவில்லை. மைக் சத்தம் வேண்டாம் என்றாள், சரி என்றேன். இதை உங்களிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். எழுதினதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சொல்லிக்கோ என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

“ஒண்ணு மட்டும்மா. நான் நன்னா ஆயிட்டேன்னு சொல்லிடாதே. அப்பறம் நேக்குத் தலை நோவறப்போ யாரும் நம்பமாட்டா.”

அதனால் சொல்லவில்லை.